இன்ஜினை நிறுத்திச் சொன்ன சேதி

தேவர்சோலை பஜாரில் சலாஹுதீன் பாயின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் கவிழ்த்து வைத்திருக்கும் குழாய் ஒலிபெருக்கிகள்தான் அடையாளம். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா, மீலாது ஊர்வலம், மாதா கோயில் தேர், எதுவாக இருந்தாலும் மைக் செட் அவரிடமிருந்துதான் போகும். அது அவருடைய பிழைப்பு. ஆனால் சுற்றுவட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் லயங்களும் குடிசைகளும் அவரை அறிந்தது அந்தப் பிழைப்பால் அல்ல, சாவுச் சேதியால்.

யார் இறந்தாலும், அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டவராக இருந்தாலும், பழைய ஜீப்பின் தலையில் குழாயைக் கட்டிக்கொண்டு பாய் கிளம்பிவிடுவார். அதற்கு அவர் கூலி வாங்கியதே இல்லை. "மௌத்துக்கு வாங்குற காசு கையில நிக்காதுங்க" என்பார். டீசல் ஊற்றிக் கொடுத்தால் மட்டும் மறுக்க மாட்டார்.

தொழிலுக்கு வந்த புதிதில் அவரும் எல்லோரையும் போல ஓடுகிற வண்டியிலிருந்தே சொல்லிக்கொண்டு போனவர்தான். ஒருநாள் ஒரு சாவுச் சேதியைச் சொல்லிக்கொண்டே ஸ்ரீமதுரைப் பக்கம் மேட்டில் ஏறும்போது, பின்னால் ஒரு பெண் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தது. முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடை அப்படியே இருக்கிறது. வாய் அசைகிறது. இன்ஜின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. வளைவில் எதிர்வண்டிக்காக நிறுத்தியபோது அவள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியதே தவிர பேச்சு வரவில்லை. "யாருன்னீங்க, யாருன்னீங்க" என்று மட்டும் கேட்டாள். இறந்தவன் அவள் கூடப்பிறந்தவன்.

அன்றிலிருந்து பாய் சாவுச் சேதியை ஓடுகிற வண்டியில் சொன்னதில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் இன்ஜினை அணைப்பார். இரைச்சல் அடங்கி, மலை அமைதியாகும் வரை காத்திருப்பார். பிறகு பெயர், யார் மகன், யார் புருஷன், எப்போது எடுக்கிறார்கள் என்று நிதானமாகச் சொல்வார். கொஞ்சம் விட்டு, மறுபடியும் ஒருமுறை. சினிமா, லோன் மேளா, ஓட்டு எல்லாம் ஓடுகிற வண்டியில்தான்.

இப்படி யாரும் போடாமலே ஒரு சட்டம் அந்த மலையில் உண்டாகிவிட்டது. பாய் பேசிக்கொண்டே போனால், கேட்கிறவர் கேட்கலாம். பாய் வண்டியின் இன்ஜின் நின்றால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வெளியே வர வேண்டும். செடிகளுக்கு நடுவில் நிற்கிற பெண்கள் கூட ஓரத்துக்கு வந்து நின்றுவிடுவார்கள்.

"நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாலயே அழ ஆரம்பிச்சுடறாங்க ஆஸியா" என்று மனைவியிடம் சொல்வார். "பயமா இருக்கு. இது என்னோட குரல் இல்ல. அமானிதம். பத்திரமா வெச்சிரு, நான் கேக்கறப்ப குடுன்னு அல்லாஹ் குடுத்து வெச்சிருக்கான்."

அவருக்குத் தங்கவேலு என்று ஒரு சிநேகிதர். சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். மலைச்சரிவில் ஒரு துண்டு நிலத்தைத் திருத்தித் தேயிலை போட்டிருந்தார். அவரும் மனைவி தெய்வம்மாவும்தான் அதற்கு ஆள். நெஞ்சில் எப்போதும் இழுப்பு. இழுப்புக்கு நடுவிலும் வாய் சும்மா இருக்காது.

"பாய், என் சாவை நீங்கதான் சொல்லணும். இப்பவே கேட்டு வெச்சுக்கிறேன்" என்பார்.

"நீங்க எனக்கு முன்னால போவீங்கன்னு யாரு சொன்னா? உங்க இழுப்பைக் கேட்டா எமனே கூட டாக்டரைப் பாருன்னு திருப்பி அனுப்பிடுவான்."

"இல்ல பாய், நெசமாத்தான். இசக்கியம்மா அண்ணன்னு மறக்காமச் சொல்லிப்போடுங்க. அவ ஆத்துக்கு அந்தப் பக்கம் லயத்துல கெடக்கா. அவ பேரு விட்டுப்போச்சுன்னா சண்டைக்கு வந்துருவா. நான் குழியிலருந்து எழும்பி வந்து பதில் சொல்ல ஏலாது."

இசக்கியம்மா அவருடைய ஒரே தங்கை. அம்மா இல்லாமல் அவர் தூக்கி வளர்த்தது.

அப்போதுதான் தேயிலை விலை விழுந்தது. விழுந்தது என்றால், ஒரு கிலோ கொழுந்தைப் போட்டால் வருகிற காசுக்கு பஜாரில் ஒரு டீ குடிக்க முடியாது. "டீயை விளைவிக்கிறது நாம, குடிக்கிறது வேற ஆளு" என்று டீக்கடை விஜயன் சிரித்துக்கொண்டே சொல்வான். யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஃபேக்டரியாக மூடுகிறார்கள் என்று பேச்சு. பாலத்தருகே இருந்ததால் எல்லோரும் பாலத்து ஃபேக்டரி என்று சொல்கிற ஃபேக்டரிதான் அந்தப் பக்கத்துக் கொழுந்து முழுவதையும் வாங்கிக்கொண்டிருந்தது. அதுவும் மூடப்போகிறது என்று வதந்தி கிளம்பியது. சிலர் கேரளத்திலிருந்து வருகிற தரகனுக்குக் கொழுந்தை மாற்றிப் போட ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுப் பாய் கடைக்கு வந்தபோது லெஸ்லி காத்திருந்தார். பாலத்து ஃபேக்டரியில் கொழுந்து வாங்குகிற பொறுப்பு அவருக்கு. நல்ல மாதிரி மனிதர், யாரையும் 'வா, போ' என்று பேசாதவர்.

"ஒரு உதவி பாய்."

"சொல்லுங்க சார். மைக்கா, பந்தல் லைட்டா?"

"உங்க குரல்."

பாய் சிரித்தார். லெஸ்லி சிரிக்கவில்லை.

"நோட்டீஸ் ஒட்டினோம். ஆடு தின்னுட்டுப் போச்சு. கூட்டம் போட்டோம், கத்திட்டுப் போனாங்க. பேப்பர்ல போட்டோம், லயத்துல யாரு பேப்பர் பாக்கறா. ஃபேக்டரி மூடாது, பயப்படாம கொழுந்து போடுங்கன்னு நீங்க சொன்னா கேப்பாங்க."

"அதுக்கென்னங்க சார். நாளைக்கே ஒரு சுத்து சொல்லிட்டு வந்துடறேன்."

"சுத்தறப்ப சொல்ல வேண்டாம் பாய். இன்ஜினை நிறுத்திச் சொல்லுங்க."

பாய் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"அது மௌத்துக்கு மட்டுந்தாங்க சார்."

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன்."

"வார்த்தை உறுதியா?"

"கம்பெனி வார்த்தை. நான் என்ன இன்னைக்கு நேத்தா உங்களுக்குப் பழக்கம்?"

பாய் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் பாலம் வரை நடந்து போனார். ஃபேக்டரிப் புகைக்கூண்டில் புகை வந்துகொண்டிருந்தது. கொழுந்து வாட்டுகிற மணம் ஆறு வரைக்கும் இறங்கியிருந்தது. புகை பொய் சொல்லாது என்று நினைத்தார். தங்கவேலுவைப் போன்றவர்கள் தூக்கமில்லாமல் கிடக்கிறார்களே, அவர்கள் மனம் ஆறட்டுமே என்றும் நினைத்தார். கெட்ட நினைப்பு ஒன்றும் அவரிடம் இல்லை. அதைப் படைத்தவன் அறிவான்.

ஆஸியாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "நல்ல சேதின்னா எதுக்கு இன்ஜினை நிறுத்தணும்?" என்று கேட்டாள். பாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

முதல் திருப்பத்தில் இன்ஜினை அணைத்தபோது வழக்கம்போல எல்லோரும் வெளியே வந்தார்கள். ஒருத்தி ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி, முகத்தில் ரத்தமில்லாமல் நின்றாள். தங்கவேலு செருப்பில்லாமல் ஓடி வந்து ஜீப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தார். பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டுப் பாய் மைக்கை எடுத்தார். பாலத்து ஃபேக்டரி மூடப்படாது, தொடர்ந்து ஓடும், யாரும் பயப்படாமல் கொழுந்து போடலாம். கொஞ்சம் விட்டு, மறுபடியும் ஒருமுறை.

தங்கவேலு தலையில் அடித்துக்கொண்டார்.

"அட பாய்! எவன் போனானோன்னு கும்புடுற சாமி அத்தனையையும் கூப்பிட்டுக்கிட்டு ஓடியாறேன். ஃபேக்டரி பொழச்சிருச்சின்னு சொல்ல இப்பிடியா பயமுறுத்துறது?"

எல்லோரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். கூட்டம் கலைந்ததும் தங்கவேலு ஜீப்புக்குள் தலையை நீட்டினார்.

"அந்தக் கேரளாத் தரகன் நேத்து வந்து கொழுந்து கேட்டான் பாய். இப்ப போட்டாத்தான் எடுப்பேன், பொறவு வந்தா எடுக்க மாட்டேன்னான். யோசனையிலயே கெடந்தேன். நீங்க நிறுத்திச் சொல்லிட்டீங்க. வேணாமுன்னு சொல்லி அனுப்பிடுறேன்."

ஜீப்பைக் கிளப்பும்போது பாய்க்கு அந்த வார்த்தை இனிப்பாக இருந்தது. பல நாள் கழித்து அதே வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் கிடக்கும் என்று அப்போது தெரியாது.

கொஞ்ச காலம் கொழுந்து ஏற்ற ஃபேக்டரி லாரி ஒழுங்காக வந்தது. பிறகு விட்டு விட்டு வந்தது. பிறகு நின்றுபோனது. கொழுந்து செடியிலேயே முற்ற ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை லெஸ்லி ஆள் அனுப்பினார். ட்ரையர் ரிப்பேர், வேறொன்றும் இல்லை, வியாழக்கிழமை லாரி வருகிறது, எல்லோரும் பறித்து வைக்கச் சொல்லுங்கள் என்று. பாய் புதன்கிழமை கிளம்பினார். ஒருமுறை நிறுத்திச் சொன்னதை இன்னொருமுறை நிறுத்தாமல் சொன்னால் மக்கள் சந்தேகப்படுவார்களே என்று, எல்லாத் திருப்பங்களிலும் இன்ஜினை நிறுத்தியே சொன்னார்.

வியாழக்கிழமை விடியும்போதே குடும்பம் குடும்பமாகச் செடிக்குள் இறங்கிவிட்டார்கள். நீண்ட நாள் பறிக்காத கொழுந்து. மதியத்துக்குள் கொழுந்து ஷெட்டில் மூட்டை வைக்க இடமில்லை. தங்கவேலு ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு, "லாரி வந்தா ஏத்திக்கிட்டுப் போகத்தான் போகுது. அதுவரைக்கும் ராசா மாதிரி மெத்தையில உக்காந்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தெய்வம்மா அவருக்குத் தூக்கில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள்.

லாரி வரவில்லை. மழை வந்தது.

பறித்த கொழுந்து காத்திருக்காது. மூட்டைக்குள் அடைந்து கிடந்தால் தன்னால் சூடேறும். சாயங்காலம் தெய்வம்மா ஒரு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டவள்போல வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் மூட்டைகள் சிவந்து, புளித்த நாற்றம் எடுத்துவிட்டன. ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் கொட்டினார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை.

பாய் ஜீப்பை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு ஓடினார். கேட்டில் சங்கிலி. புகைக்கூண்டில் புகை இல்லை. உள்ளே ஒரு வாட்ச்மேன் மட்டும் பீடி புகைத்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் போயாச்சுங்க பாய். மெஷினை லாரியில ஏத்திக் கொண்டுபோயிட்டாங்க."

"எப்ப?"

வாட்ச்மேன் சொல்லத் தயங்கினான்.

"புதன்கிழமைங்க. நீங்க அக்கரையில நின்னு மைக்ல சொல்லிட்டிருந்தீங்கள்ல, அப்பத்தான் ஏத்திட்டிருந்தாங்க. உங்க சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு."

பள்ளத்தில் கொட்டிய கொழுந்தைப் படம் எடுக்கக் கூடலூரிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அடுத்த நாள் பேப்பரை விஜயன்தான் டீக்கடையில் உரக்கப் படித்தான். தவிர்க்க முடியாத காரணங்களால் உற்பத்தி நிறுத்தப்பட்டுள்ளதாக நிர்வாகம் தெரிவித்திருந்தது. கொழுந்து பறிக்கச் சொல்லி நிர்வாகத்தின் சார்பில் எந்த அறிவிப்பும் செய்யப்படவில்லை, வெளியாட்கள் சிலர் பரப்பிய வதந்தியை நம்பி விவசாயிகள் ஏமாந்துவிட்டார்கள் என்றும் போட்டிருந்தது.

படித்து முடித்துவிட்டு விஜயன் கண்ணாடியைக் கழற்றினான். எதிரில் பாய் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தான். மூலையிலிருந்து யாரோ, "வெளியாளுக்கு ஒரு டீ போடுப்பா" என்றார்கள். கேலிதான், கோபம்கூட இல்லை. ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

சில நாள் கழித்து கூடலூர் பஸ் ஸ்டாண்டில் லெஸ்லியைப் பார்த்தார். பெட்டி படுக்கையோடு, மனைவியோடு நின்றிருந்தார். பாயைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அந்த மட்டும் நல்லவர்.

"எனக்கே புதன்கிழமை சாயங்காலம்தான் தெரியும் பாய்."

"அப்ப வந்து சொல்லியிருக்கலாமே சார். அன்னைக்கே ஊரு ஊராப் போயி, இன்ஜினை நிறுத்தி அதையும் சொல்லியிருப்பேனே. யாரும் பறிச்சிருக்க மாட்டாங்களே."

"யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு மேல இருந்து உத்தரவு. பேங்க்காரங்ககிட்ட இப்படிச் சொல்லு, குன்னூர் டீ ஏலக்காரங்ககிட்ட அப்படிச் சொல்லு, பேப்பர்காரன் வந்தா இதைக் குடுன்னு எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்தாங்க." லெஸ்லி தரையைப் பார்த்தார். "கொழுந்து போட்டவங்களுக்கு என்ன சொல்லணும்னு மட்டும் ஒண்ணும் சொல்லல."

பஸ் வந்தது. லெஸ்லியின் மனைவி தூக்க முடியாமல் திணறிய பெட்டியைப் பாய்தான் மேலே தூக்கிக் கொடுத்தார்.

ஊரில் யாரும் பாயைக் குற்றம் சொல்லவில்லை. "அவரு என்ன பண்ணுவாரு பாவம். சொல்லச் சொன்னாங்க, சொன்னாரு" என்றார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். சொல்லச் சொன்னதைச் சொல்கிற ஆள் என்று ஆகிவிட்டதே, அதுதான் அவரைத் தின்றது. தொழுகையில் நெற்றி தரையில் பட ஸஜ்தாவுக்குக் குனிந்தால் எழுந்திருக்க நேரமாகும். தங்கவேலு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. ஒருநாள் பஜாரில் அவரே வந்து தோளைத் தொட்டார். இழுப்பு அதிகமாகியிருந்தது.

"என்னா பாய், ஆளையே காணோம்? கொழுந்து போனா போவுது. செடி அங்கனதானே நிக்கிது. நான் கேட்டு வெச்சது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்."

ஆடி மழையில் ஒருநாள் காலை பக்கத்து வீட்டு ராசு நனைந்துகொண்டே கடைக்கு வந்தான்.

"தங்கவேலு அண்ணன் போயிட்டாருங்க பாய். தெய்வம்மா அக்கா உங்களைத்தான் சொல்லச் சொல்லுச்சு. வேற மைக் செட் வேண்டாம்னுடுச்சு. மழை விடற மாதிரி இல்ல, மூணு மணிக்கெல்லாம் எடுத்துருவாங்க."

பாய் குழாயைக் கட்டினார். கயிறு இரண்டு முறை நழுவியது.

முதல் திருப்பத்தில் இன்ஜினை அணைத்தார். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எங்கோ ஒரு ரேடியோவின் சத்தம் கூடியது. பாய் பெயரைச் சொன்னார். கொஞ்சம் விட்டு, மறுபடியும் சொன்னார். அடைத்த கதவுகளின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது.

அடுத்த திருப்பத்திலும் அப்படித்தான். அதற்கடுத்ததில் ஒரு கிழவர் மட்டும் குடையோடு நின்று, "அடுத்த லாரி எப்பங்க பாய்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடந்தார். இன்ஜின் நின்றால் வெளியே வர வேண்டும் என்று இருந்த சட்டம் இப்போது வேறாக மாறியிருந்தது. இன்ஜின் நின்றால், அது ஃபேக்டரிக் கதை. காதைக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆற்றைத் தாண்டி, இசக்கியம்மா இருக்கிற லயத்துக்குக் கீழே நிறுத்தினார். மேலே சரிவில் பெண்கள் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். தங்கவேலு, இசக்கியம்மாவின் அண்ணன் என்று அவர் அழுத்திச் சொல்லும்போது, மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர்கள் இன்னும் மேலே நகர்ந்துபோனார்கள். மழையில் எந்த உருவம் இசக்கியம்மா என்று தெரியவில்லை.

பாய் மைக்கை சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார். இசக்கியம்மாவைத் தேடி ஏறுவதற்குள் மற்றவர்களுக்கும் நேரம் தவறிவிடுமே என்று, வந்த வழியே திரும்பி நடந்தார். ஒவ்வொரு கதவாகத் தட்டினார்.

"நான் சலாஹுதீன். மைக்ல சொன்னது நெசந்தாம்மா. தங்கவேலு போயிட்டாரு. வாங்க."

சிலர் ஐயோ என்று அப்படியே ஓடினார்கள். சிலர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்கள். கால் வழுக்கி ஒரு இடத்தில் விழுந்தார். முழங்கை உரிந்தது. கீழ்க் குடிசைகளுக்கெல்லாம் சொல்லி முடித்து, மறுபடியும் ஆற்றைத் தாண்டி வந்து அந்தச் சரிவின் உச்சிக்கு ஏறி, பறிக்கிறவர்களுக்கு நடுவில் இசக்கியம்மாவைக் கண்டுபிடித்தபோது மூன்று மணி தாண்டிப்போயிருந்தது.

அவள் அவரைப் பார்த்ததும் கூடையை இறக்கினாள். மைக்கில்லாமல், தொப்பி நனைந்து, சேறும் ரத்தமுமாக நிற்கிற மனிதரைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணனா?"

பாய் தலையசைத்தார்.

ஜீப்பில் வரும் வழியில் அவள் அழவில்லை. கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதிரில் சாவு மேளம் அடித்த தப்புக்காரர்கள் தோளில் தப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். அடக்கம் முடிந்துவிட்டது என்று இருவருக்கும் தெரிந்தது.

"இன்ஜின் நின்னது கேட்டுச்சு பாய்" என்றாள் கொஞ்ச தூரம் போனபிறகு. "நீங்க சொன்னதுதான் மழையில காதுல ஏறல. ஃபேக்டரிக்காரன் என்னத்தையோ சொல்லச் சொல்லியிருக்கான்னு நாந்தான் முதல்ல சொன்னேன். எல்லாரும் சிரிச்சாளுக. நானும் சிரிச்சேன்."

பாய் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"என் பேரு சொன்னீங்களா?"

"சொன்னேம்மா. அவரு முன்னாலயே சொல்லி வெச்சிருந்தாரு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எப்பிடிச் சொன்னீங்க? எனக்கு ஒருக்காச் சொல்லுங்க."

பாய் வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தார். இரைச்சல் அடங்கும் வரை காத்திருந்தார். மைக்கை எடுக்கவில்லை. பக்கத்தில் இருக்கிற ஒரே ஒரு ஆளுக்குக் கேட்கிற குரலில், ஊர் முழுக்கச் சொன்ன அதே நிதானத்தோடு சொன்னார்.

"தெய்வம்மாவின் கணவரும், இசக்கியம்மாவின் அண்ணனுமான தங்கவேலு அவர்கள், இன்று காலை இறந்துவிட்டார்."

கொஞ்சம் விட்டு, மறுபடியும் சொல்லத் தொடங்கினார். அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.